மெடிக்கல் பில்லிங், கோடிங் படிக்கப் போறீங்களா? புதுச்சேரியில் என்ன வழி இருக்கு? பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

"இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று காலை ரவுண்ட்ஸிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆகியும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை. கேட்டால், "இன்சூரன்ஸ்ல இருந்து குவெரி வந்திருக்கு, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்கிறார் கவுண்டரில் இருப்பவர். தனியார் மருத்துவமனைக்குப் போய் வந்த பலருக்கும் இது பழகிய காட்சிதான்.

பல நேரங்களில் அந்தக் குவெரி சிகிச்சையைப் பற்றியது அல்ல, காகிதத்தைப் பற்றியது. பாலிசியில் 'எஸ்.லட்சுமி', ஆதாரில் 'லட்சுமி செல்வம்' என்று இருக்கும். கேஸ் ஷீட்டில் இடது முழங்கால், பில்லில் வலது முழங்கால் என்று இருக்கும். இதைச் சரியாகப் பதிவதற்கும், தவறு இருந்தால் கண்டுபிடிப்பதற்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவை. அந்த வேலைக்கு ஆள் தயார் செய்வதாகச் சொல்லித்தான் ஊர் ஊராக 'மெடிக்கல் பில்லிங் அண்ட் கோடிங்' கோர்ஸ் விளம்பரங்கள் வருகின்றன.

டிகிரி முடித்த பிள்ளைக்காக நகையை வைத்தாவது ஃபீஸ் கட்டத் தயாராக இருக்கும் பெற்றோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரே பெயரில் விற்கப்படுவது ஒரே வேலை அல்ல.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

முதலாவது, மருத்துவமனை பில்லிங் மற்றும் இன்சூரன்ஸ் டெஸ்க். நோயாளியை நேரில் பார்த்துப் பேசும் வேலை இது.

இரண்டாவது, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ். கேஸ் ஷீட்டுகளைச் சரிபார்த்து, நோய்க்கான குறியீடு போட்டு, பாதுகாத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் வேலை.

மூன்றாவது, அமெரிக்க மருத்துவமனைகளுக்கான கோடிங். சென்னை போன்ற நகரங்களில் உள்ள ஐடி நிறுவனங்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்வது.

மூன்றுக்கும் படிப்பு வேறு, தேர்வு வேறு, வேலை கிடைக்கும் இடமும் வேறு. சேரும் முன் "இது எந்த வேலைக்கான கோர்ஸ்?" என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

கோரிமேட்டிலேயே இருக்கும் அரசுப் பயிற்சி

புதுச்சேரி மக்கள் பலருக்கே தெரியாத தகவல் இது. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பயிற்சி தரும் மத்திய அரசு மையங்களில் ஒன்று கோரிமேடு ஜிப்மரில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் ஜிப்மரின் வேர். 2008-ல் நிறைவேறிய சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ள மத்திய சுகாதாரப் புலனாய்வுப் பிரிவின் திட்டப்படி, இங்கு இரண்டு பயிற்சிகள் உண்டு. மெடிக்கல் ரெக்கார்ட் ஆபீசர் பயிற்சி 1 ஆண்டு. மெடிக்கல் ரெக்கார்ட் டெக்னீஷியன் பயிற்சி 6 மாதம். யார் விண்ணப்பிக்கலாம், எத்தனை இடம் என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியார் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இந்த அறிவிப்பை ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

ரெக்கார்ட்ஸ் வேலை ஏன் முக்கியம்?

உள்நோயாளியின் மருத்துவ ஆவணத்தை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் சொல்வது இதைத்தான். விபத்து வழக்கு, இழப்பீடு, இன்சூரன்ஸ் என எதற்குப் போனாலும் அந்த ஃபைல்தான் சாட்சி.

இப்போது ஃபைல் கம்ப்யூட்டருக்கு மாறி வருகிறது. தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2020-ல் சோதனை முறையில் தொடங்கப்பட்ட 6 யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. 2021-ல் கொண்டுவரப்பட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், ரெக்கார்ட்ஸ் பணியாளர்களையும் கிளினிக்கல் கோடர்களையும் சுகாதாரத் தொழில் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 'சும்மா கிளார்க் வேலை' என்று ஒதுக்கிவிட முடியாது.

கோடிங் என்றால் என்ன?

டாக்டர் எழுதியதைக் குறியீடாக மாற்றுவதுதான் கோடிங். உதாரணமாக, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் உயர் ரத்த அழுத்தத்துக்கு 'ஐ10'. பக்கவிளைவு இல்லாத இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு 'இ11.9'. அதே சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்திருந்தால் குறியீடு மாறும். அமெரிக்காவில் பயன்படுத்தும் பட்டியலில் இப்படி சுமார் 70,000 குறியீடுகள் இருக்கின்றன.

மனப்பாடம் செய்து முடிக்கிற விஷயம் இல்லை இது. உடற்கூறு தெரிய வேண்டும், மருத்துவச் சொற்கள் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை வேண்டும். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, உயிரியல் பட்டதாரிகளை நிறுவனங்கள் விரும்புவதற்குக் காரணமும் இதுதான்.

அமெரிக்க கோடிங்கில் அதிகம் கேட்கப்படும் சான்றிதழ் சிபிசி. இதை நடத்துவது ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு. 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குறியீட்டுப் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெற்றால் சான்றிதழில் 'சிபிசி-ஏ' என்று இருக்கும். அந்த 'ஏ' பயிற்சி நிலையைக் குறிக்கும், அனுபவம் சேர்ந்த பிறகு நீக்கப்படும். இன்ஸ்டிடியூட் தரும் கோர்ஸ் முடித்த சர்டிஃபிகேட்டும் சிபிசியும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதே நிறுவனங்களில் 'ஏஆர் காலிங்' என்ற வேலையும் உண்டு. நின்றுபோன கிளைமுக்காக அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களுடன் போனில் பேசுவது. அங்கே பகல் என்றால் இங்கே இரவு, அதனால் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட்தான். கோடிங் என்று சொல்லி இந்த வேலைக்கு அனுப்புகிறார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உள்ளூர் மருத்துவமனையில் வேலை எப்படி இருக்கும்?

புதுச்சேரி மருத்துவமனைகளுக்கு விழுப்புரம், கடலூர் மக்களும் வருகிறார்கள். ஒருவர் கையில் ஆயுஷ்மான் பாரத் கார்டு இருக்கும், இன்னொருவரிடம் தமிழக முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, மூன்றாமவரிடம் தனியார் பாலிசி. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. ஆயுஷ்மானில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அதுவும் பேக்கேஜ் கணக்கில். தனியார் பாலிசியில் மருந்து, அறை வாடகை, பரிசோதனை எனத் தனித்தனிக் கணக்கு.

பல பாலிசிகளில் அறை வாடகைக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டிய அறையை எடுத்தால் வாடகை வித்தியாசம் மட்டும் இல்லை, டாக்டர் ஃபீஸ் போன்ற மற்ற செலவுகளிலும் அதே விகிதத்தில் பிடித்தம் வரலாம். அட்மிஷனின்போதே இதைச் சொல்லிவிடும் பில்லிங் ஊழியர், ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றுகிறார்.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் உத்தரவிட்டது. ஆனால் மருத்துவமனை ஆவணத்தை அனுப்பிய பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஃபைல் முழுமையாகப் போகிறதா என்பது இந்த டெஸ்க்கில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பில்லிங்கா, ரெக்கார்ட்ஸா, அமெரிக்க கோடிங்கா? எழுத்தில் கொடுப்பீர்களா?

2. சான்றிதழ் தருவது யார்? இன்ஸ்டிடியூட்டா, அரசு அமைப்பா, ஏஏபிசியா?

3. சிபிசி தேர்வுக் கட்டணமும் குறியீட்டுப் புத்தகங்களும் ஃபீஸில் அடங்குமா? அவற்றுக்குத் தனிச் செலவு உண்டு.

4. '100 சதவீத வேலை' என்றால் எந்த நிறுவனம், எந்த ஊர், என்ன பதவி? போன பேட்சில் படித்தவர்களிடம் பேச முடியுமா?

5. பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்பார்களா? கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

யாருக்குப் பொருந்தும்?

ஒரு எழுத்து மாறினாலும் கண்ணில் படும் கவனம் உள்ளவர்களுக்கு இந்தத் துறை பொருந்தும். அடுத்தவர் நோயைப் பற்றித் தெரிந்ததை வெளியில் பேசாத நாக்குக் கட்டுப்பாடும் வேண்டும். நேரில் பேசப் பிடிக்கும் என்றால் பில்லிங் டெஸ்க், அமைதியாக உட்கார்ந்து படிக்கப் பிடிக்கும் என்றால் ரெக்கார்ட்ஸ் அல்லது கோடிங். எதில் சேர்வது என்று முடிவு செய்துவிட்டு இன்ஸ்டிடியூட்டைத் தேடுங்கள். இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்துவிட்டு வேலையைத் தேடினால், ஃபீஸ் கட்டிய ரசீது மட்டும்தான் மிஞ்சும்.