தாது வருஷப் பஞ்சமும் துவரம்பருப்பும்

துவரம்பருப்பு விலை ஏறும்போதெல்லாம் மழை இல்லை, வரத்து இல்லை என்கிறார்கள். வரத்து குறைவது உண்மைதான். ஆனால் இருக்கிற சரக்கு யார் குடோனில் எவ்வளவு கிடக்கிறது? மதுரைக்கு இது பழைய கேள்வி.

1876–78 தாது வருஷப் பஞ்சம் என்றால் இங்கே குஞ்சரத்தம்மாள் காய்ச்சி ஊற்றிய கஞ்சியைச் சொல்வார்கள். வரிசையில் நின்றவர்கள் யார் என்பதை அந்தக் கதை அதிகம் சொல்வதில்லை. 1875இல்தான் மதுரைக்கு ரயில் வந்திருந்தது. ரயில் இருந்தும் தானியம் காசு உள்ள இடத்துக்கே போனது. வைஸ்ராய் லிட்டனின் அரசு தானிய வியாபாரத்தில் தலையிட மறுத்தது. சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்றது. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார்: ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓர் அணா. நாளெல்லாம் கல்லுடைத்து மண் சுமந்ததற்கு! சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதிய பிறகே அது கொஞ்சம் உயர்ந்தது.

களத்தில் அளந்துபோடும் நெல்லை நம்பியிருந்த பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்களுக்கு விளைச்சல் பொய்த்தால் கூலியும் கிடையாது, கடையில் வாங்கக் காசும் கிடையாது. அப்போது இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களில் நம் மக்கள் ஏராளம். 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. வயல் மட்டும் பழைய கைகளிலேயே இருந்தது.

பதுக்கலைத் தடுக்க 1955இன் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் இருக்கிறது. 2020 திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது: பருப்பு போன்ற கெடாத பொருளின் சில்லறை விலை 50 சதவீதம் ஏறினால்தான் இருப்புக்கு உச்சவரம்பு விதிக்கலாம் என்றது. விவசாயிகள் போராடி 2021இல் அதை ரத்துசெய்ய வைத்தார்கள். 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் ஒன்றிய அரசே உச்சவரம்பு போட்டது. சில்லறைக் கடைக்கு 5 டன். பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களுக்குக் கிளைக்கு 5 டன், கிடங்கில் 200 டன். செப்டம்பரில் அந்த 200ஐ 50 ஆக்கினார்கள். பதுக்கல் சந்தேகம் நமக்கு மட்டுமானதல்ல.

பெரிய கடைகள் வேண்டுமென்றே விலையை ஏற்றுகின்றனவா என்பதை அவற்றின் இருப்புக் கணக்கைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்: மதுரை மாவட்டத்தில் எத்தனை கிடங்குகளைச் சோதித்தீர்கள், எவ்வளவு இருந்தது?

நம் தெருக்களில் மாதச் சாமானை மொத்தமாக வாங்குகிறவர்கள் குறைவு. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ பருப்பு தீர்ந்ததும் அன்றாடக் கூலியில் 100 கிராம் பொட்டலம்தான். 2024 மே மாதம் ரேஷன் பருப்பு தாமதமானபோது, மாதம் முழுக்க அந்தப் பொட்டலம்தான்.