பயணத்துக்கு முன் ஒரு பெயர்ப்பட்டியல்

ஆஷ்விட்ஸிலிருந்து பிர்க்கெனாவ் வரை சுமார் 3 கிலோமீட்டர். 1988இல் தொடங்கிய ‘வாழ்வோரின் நடை’யில், பேரழிப்பு நினைவு நாளன்று பல நாடுகளின் யூத இளைஞர்கள் இந்தத் தூரத்தை நடக்கிறார்கள். போரின் முடிவில் நாஜிகள் கைதிகளை ஓட்டிச்சென்ற மரண நடைகளுக்கு எதிராக வைத்த பெயர் அது. வருபவர்களில் பெரும்பாலோர் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகள். புறப்படும் முன்பே குழுவாகக் கூடிப் படிக்கிறார்கள்: வரைபடம், காலவரிசை, உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலம், சொந்தக் குடும்பத்தில் மாண்டவர்களின் பெயர்கள்.

இந்த ஆயத்தம் சிறிய விஷயமல்ல. சுமார் 10 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட அந்த இடத்தில் இன்று கண்ணுக்குப் படுபவை செங்கல் இடிபாடுகள், முள்வேலி, புல். மற்றதையெல்லாம் முன்கூட்டிப் படித்ததுதான் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற சர்ச்சையில் 2022இல் இஸ்ரேல் தன் பள்ளி மாணவர்களின் போலந்துப் பயணங்களையே நிறுத்தி வைத்தது. பாடம் அவ்வளவு முக்கியம் என்றால், அதில் பெண்கள் எங்கே என்று கேட்பதும் முக்கியம்.

வார்சா கெட்டோ எழுச்சி என்றதும் மொர்தெகாய் அனியெலெவிச்சின் பெயர் வரும். அவர் ஓர் இளைஞர் இயக்கத்திலிருந்து வந்தவர். அதே ‘ஹஷோமெர் ஹட்சைர்’ இயக்கத்தின் டோஸியா ஆல்ட்மனும், ‘ட்ரோர்’ இயக்கத்தின் ஃப்ரும்கா ப்ளோட்னிட்ஸ்காவும் போலி அடையாளத்தோடு ரயிலேறி, அடைக்கப்பட்ட கெட்டோக்களுக்குள் செய்தியும் பணமும் ஆயுதமும் கொண்டுசென்றார்கள். இவர்களைப் போன்ற பெண்களுக்கு ஹீப்ருவில் ‘கஷாரியோத்’, அதாவது இணைப்பவர்கள், என்று பெயர்.

இந்த வேலை ஏன் பெண்களிடம் வந்தது? விருத்தசேதனம் செய்த ஆணை ஆடை களைந்தாலே காட்டிக்கொடுத்துவிடலாம்; பெண்ணுடலில் அந்த அடையாளம் இல்லை. மேலும், பல குடும்பங்கள் மகன்களைச் சமயப் பள்ளிக்கும் மகள்களைப் பொதுப்பள்ளிக்கும் அனுப்பின. வேதக் கல்வி பெண்ணுக்கு எதற்கு என்று விலக்கப்பட்டவர்கள் போலிஷ் மொழியைப் பிசிறில்லாமல் பேசக் கற்றிருந்தார்கள். டோஸியாவும் ஃப்ரும்காவும் 1943இல் மாண்டார்கள். ட்ரோர் இயக்கத்தில் அவர்களின் தோழி சிவியா லுபெட்கின் சாக்கடை வழியே தப்பி, 1961இல் ஐக்மன் விசாரணையில் சாட்சி சொன்னார்.

பிர்க்கெனாவிலும் அப்படித்தான். 1944 அக்டோபர் 7 அன்று, பிணங்களை எரிக்க நிர்ப்பந்திக்கப்பட்ட கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுக்கான வெடிமருந்தை ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து சிறிது சிறிதாகக் கடத்தியவர்கள் பெண் கைதிகள். ரோஸா ரோபோட்டா, அலா கெர்ட்னர், ரெகினா ஸஃபிர்ஷ்டைன், எஸ்டெரா வாய்ட்ஸ்ப்லும் ஆகிய நால்வரும் 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே மாதம் 27ஆம் தேதி முகாம் விடுவிக்கப்பட்டது.

இந்தப் பெயர்களைச் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். ஆயுதம் ஏந்திய பெண்ணை மட்டும் நினைவில் வைப்பது, ஆண் வீரத்தின் அளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டு பெண்ணை அதில் நிறுத்திப் பார்ப்பதாகும்.

வார்சா கெட்டோவுக்குள் இதை உணர்ந்த ஒருவர் இருந்தார். எமானுவெல் ரிங்கெல்ப்ளுமின் ரகசிய ஆவணக் குழுவுக்காக, செசிலியா ஸ்லெபாக் 16 பெண்களிடம் பேசி எழுதினார். சோற்றுக்கு அவர்கள் செய்ததும், குடும்பத்தைக் காக்கப் பட்ட பாடும் அவருக்கு வரலாறாகவே தெரிந்தன. 1942இல் அவரும் ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்தக் குழு புதைத்துவைத்த ஆவணங்களின் இரண்டு பகுதிகள் 1946இலும் 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. ஆனால் பேரழிப்பில் பெண்கள் குறித்து எஸ்தர் காட்ஸும் ஜோன் ரிங்கல்ஹைமும் நியூயார்க்கில் மாநாடு கூட்ட 1983 ஆயிற்று. யூதர் என்பதற்காகவே எல்லோரும் கொல்லப்பட்டபோது ஆண், பெண் என்று பிரிப்பது தவறு என்ற எதிர்ப்பும் அப்போது எழுந்தது.

அதற்கான பதில் பிர்க்கெனாவின் ரயில் மேடையில் இருக்கிறது. அங்கே, உழைக்கும் வயதிலிருந்த தகப்பன் பெரும்பாலும் ஆண்கள் வரிசையில் தனியே நின்றான். சிறு குழந்தையோடு வந்த தாய், எவ்வளவு இளமையும் உடல் வலுவும் உள்ளவளாக இருந்தாலும், குழந்தையோடு சேர்த்து நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டாள். கர்ப்பிணிக்கும் அதே கதிதான். குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிடு என்று கைதிகள் காதோடு சொன்னதைப் பல வாக்குமூலங்கள் பதிவுசெய்துள்ளன. அந்தச் சொல்லின் பொருளை விளங்கிக்கொள்ள அவளுக்குக் கிடைத்தவை சில நொடிகள்.

அவள் பெயர் எந்த வீரர் பட்டியலிலும் இருக்காது. சாட்சி சொல்ல அவள் மிஞ்சவும் இல்லை. ரோஸாவின் பெயரைப் படித்துவிட்டுப் போகும் 17 வயதுப் பெண் நிமிர்ந்து நடப்பாள், நடக்கட்டும். ஆனால் அந்த ரயில் மேடைக்கு வரும்போது, குழந்தையின் கையை விடாமல் நின்றவளையும் அவள் தேட வேண்டும். அதற்கான ஆயத்தம் ஊரில் நடக்கும் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.