சத்து மாத்திரையும் மனநலமும்: வேலூர்ச் சான்றின் மறுவாசிப்பு

சத்து மாத்திரையால் மனம் தேறுமா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் கண்ட தெளிவான விடைகளுள் ஒன்று வேலூரில் கிடைத்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962-இல் 'லான்செட்' இதழில் கைக்குழந்தைகள் சிலரைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் தாய்ப்பாலை நம்பி வளர்ந்தவர்கள். முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை சிரிப்பை மறந்து மந்தமாகிவிடும், கற்ற அசைவுகளை இழக்கும், கைகால்கள் தாமாக ஆடும், தோல் கறுக்கும். தாய்க்கே பி12 குறைவு என்பதால் பாலிலும் அது போதவில்லை. அந்த வைட்டமினைக் கொடுத்ததும் குழந்தைகள் தெளிந்தார்கள்.

இன்றைய மருந்துக்கடை அலமாரிக்கு இந்தச் சான்றை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கே தேறியது, குறை இருந்த மூளை. குறை இருக்கிறதா என்று பாராமல் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் உடல் எடை மிகுந்த 1,025 பேரிடம் நடந்த 'மூட்ஃபுட்' ஆய்வில் (2019) பலசத்து மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கவில்லை. அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வில் 18,353 பேர். ஐந்தாண்டுக்கு மேல் வைட்டமின் டி கொடுத்தும் பலனில்லை (2020). அதே ஆய்வில் ஒமேகா-3 எடுத்தவர்களிடம் மனச்சோர்வு சற்றுக் கூடவே தெரிந்தது (2021). மன அழுத்தம் போக்கும் என்று கூவி விற்கப்படும் காப்ஸ்யூல்கள் இந்த முடிவுகளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

திமிரி, ஆற்காடு வட்டாரத்திலிருந்து ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு வேனில் போய்வரும் பெண் ஒருத்தி, "ஒரே அசதியா இருக்கு, எதுலயும் மனசு ஓட மாட்டேங்குது, சத்து ஊசி ஒண்ணு போடுங்க" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் சிவப்பு நிறத்து பி12 ஊசி. நடுவில் இருக்கும் கோபால்ட் அணுவே அந்த நிறத்துக்குக் காரணம். நோயாளியின் நம்பிக்கையிலும் பாதி அந்த நிறத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கூடுதல் பி12 சிறுநீரோடு போய்விடும், கெடுதல் என்ன என்று கேட்கலாம். அசதிக்குக் காரணம் தைராய்டா, சோகையா, மனச்சோர்வா என்று யாரும் பார்க்காமல் அவள் வீடு திரும்புவதுதான் கெடுதல். மனச்சோர்வு என்றால், வேலூர் பாகாயத்து மனநல மையம் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரத்தான் தாமதம் ஆகிவிடுகிறது.

மறுபுறம், உண்மையான குறையும் இங்கே உண்டு. ஆம்பூர் பிரியாணியின் புகழைக் கொண்டு இந்தப் பகுதியின் தினசரித் தட்டை அளக்க முடியாது. பல வீடுகளில் கறி ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். மற்ற நாளில் சோறு, குழம்பு, கேழ்வரகுக் களி. தாவர உணவில் பி12 கிடையாது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்காகச் சாப்பிடுபவர்களுக்கும் அது குறையலாம். ஆனால் ஆல்பர்ட், மாதன், பேக்கர் மூவரும் வேலூரிலிருந்தே 1980-இல் 'நேச்சர்' இதழில், சிறுகுடல் நுண்ணுயிரிகளும் பி12-ஐ உண்டாக்குகின்றன என்று காட்டினார்கள். ஆகவே கறி தின்னாதவர் எல்லோருக்கும் குறை என்று கண்ணை மூடிச் சொல்லவும் வழியில்லை. ரத்தத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எந்த ரத்தப் பரிசோதனை என்பதில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அரசின் கவனம் அதனால் ஹீமோகுளோபின் மேலேயே நிற்கிறது. 2018-இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டம் கர்ப்பிணிக்குத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், பி12 இல்லை. ஃபோலிக் அமிலம் பி12 குறையால் வரும் சோகையைச் சரிசெய்துவிடும். நரம்புக் கேட்டை நிறுத்தாது. 1988-இல் லிண்டன்பாம் குழுவினர், பி12 குறையால் நரம்பு அல்லது மனக் கோளாறு வந்த 141 பேரை ஆராய்ந்தபோது 40 பேருக்குச் சோகையோ, ரத்தச் சிவப்பணுக்கள் பெரிதாவதோ இல்லை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்திருந்தால் அந்த 40 பேரும் நலம் என்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

எனவே என் வாதம் இரண்டு திசையில் போகிறது. மனத்துக்கு மருந்து என்று விற்கும் காப்ஸ்யூல்களுக்குக் கடிவாளம் வேண்டும். ஊட்டச்சத்துப் பொருள் விதிகள் அவற்றை உணவின் வரிசையில்தான் வைத்திருக்கின்றன. நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்க அவற்றுக்கு உரிமையில்லை. கர்ப்பிணிகளின் மாத்திரையிலும், களைப்பு, மறதி, மனச்சோர்வு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோரின் பரிசோதனைப் பட்டியலிலும் பி12 இடம்பெற வேண்டும். 1962-இன் அந்தப் பிள்ளைகளுக்கு நோய் தாய் வழியே வந்தது. கர்ப்பகாலத்திலேயே தொடங்கினால்தான் அதைத் தடுக்க முடியும்.