பிடிமண்ணும் ஒளிப்படமும்: புதுக்கோட்டை வட்டார ஐயனார் நிலவெளிகளில் மூதாதையர் நினைவு

ஆய்வுச் சுருக்கம்

புதுக்கோட்டை வட்டார நிலக்காட்சிகள் 1858இல் அரசு ஆவணமாக ஒளிப்படமாக்கப்பட்டன. இன்று அத்தகைய படங்கள் குலதெய்வ நிலத்தோடும் முன்னோரோடும் மக்கள் கொண்ட உறவைத் தாங்கி நிற்கின்றன. இம்மாற்றத்தை இக்கட்டுரை பிடிமண் மரபோடு ஒப்பிட்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், ஐயனார், குலதெய்வம், பிடிமண், புதுக்கோட்டை

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கூறும் தொல்காப்பியம், தெய்வத்தைக் கருப்பொருளுள் வைக்கிறது. நிலக்காட்சி ஒளிப்படமும் ஒரு நிலத்தை ஒரு பொழுதில் பதிவுசெய்வதே ஆகும். அந்நிலத்தின் தெய்வமும் முன்னோரும் அப்பதிவில் எவ்வாறு இடம்பெறுகின்றனர் என்பது இக்கட்டுரையின் வினாவாகும்.

அரசின் பார்வை

சென்னைப் படையின் அதிகாரியான லினேயஸ் டிரைப், 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். தொண்டைமான் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த புதுக்கோட்டையில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தனித்தொகுப்பாக வெளிவந்தன. மெழுகேற்றிய தாளில் எதிர்ப்படிவம் எடுக்கும் முறையை அவர் கையாண்டார். அம்முறையில் ஒளி பதிய நெடுநேரம் ஆகும். அசையும் மனிதர் தெளிவாகப் பதியார். எனவே கட்டடமும் பாறையும் துலங்க, அவற்றைப் புழங்கிய மக்கள் பெரிதும் மறைந்துபோயினர். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இப்பணியை ஆடம்பரச் செலவாகக் கருதி நிறுத்தினார். மக்களின் வழிபாட்டுறவைப் பதிவுசெய்வது அத்திட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை.

குதிரையும் காடும்

ஐயனார் கோயில்கள் பெரும்பாலும் ஊர்ப்புறத்தே, கண்மாய்க் கரையிலோ கோயிற்காட்டிலோ அமைந்துள்ளன. ஆலங்குடி வட்டம் குளமங்கலத்தில் உள்ள பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலின் குதிரைச் சிலை 30 அடிக்கும் மேல் உயரமுடையது. மாசிமகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலைகள் சாத்தி மக்கள் நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். புரவியெடுப்பு நிகழும் ஊர்களில் வேளார் புதிய மண்குதிரைகளைச் செய்து தருகின்றனர். பழைய குதிரைகள் அகற்றப்படுவதில்லை; அவை நின்ற இடத்திலேயே சிதைந்து மண்ணோடு கலக்கின்றன. ஆகவே இங்கு நினைவு பொருளின் நிலைபேற்றைச் சார்ந்ததன்று. மீண்டும் மீண்டும் செய்வதைச் சார்ந்தது.

பல கோயில்களில் கருவறையைப் படமெடுக்க இசைவதில்லை. அதனால் வெளியே நிற்கும் குதிரை வரிசையும், மரமும், நீர்நிலையுமே படமாகின்றன. மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் பெயர்ந்த குடும்பங்களுக்கு அந்நிலக்காட்சியே குலதெய்வத்தின் உருவாகிறது. முன்னோர் முகம் அறியாத தலைமுறையினர், அவர்கள் பொங்கலிட்ட இடத்தை அப்படத்தில் காண்கின்றனர்.

பிடிமண் மரபு

புரவியெடுப்பின் தொடக்கமாக ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பர். ஊர் பெயர்ந்து செல்வோர் தாய்க்கோயிலின் பிடிமண்ணைக் கொண்டுசென்று புதிய இடத்தில் தெய்வத்தை நிறுவுவதும் உண்டு. இன்று கையோடு செல்லும் ஒளிப்படத்தை இதன் தொடர்ச்சியாகக் கருத இடமுண்டு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. பிடிமண் புதிய கோயிலுக்கு வித்தாகிறது. ஒளிப்படமோ பழைய இடத்தையே நினைவூட்டித் திரும்ப அழைக்கிறது. அந்த இடம் மாறிவிட்டால் அவ்வழைப்பு என்னாகும் என்ற வினா இங்கு எழுகிறது.

2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல், கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பகுதிகளின் தென்னை, பலா உள்ளிட்ட மரங்களைப் பெருமளவில் வீழ்த்தியது. வழிபாட்டுக்காக வைத்திருந்த படங்கள் அந்நாள்முதல் நிலத்தின் வரலாற்றுச் சான்றுகளாகவும் ஆயின. எங்கே எம்மரம் நின்றது, நிழல் எதுவரை படர்ந்தது என்பதை அறிய அவை உதவும்.

முடிவுரை

1858ஆம் ஆண்டுத் தொகுப்பு நிலத்தை மக்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. குடும்பங்களின் படங்கள் அவ்விரண்டையும் இணைக்கின்றன. ஆனால் பின்னவை ஆண்டும் இடமும் குறிக்கப்படாமல் கைப்பேசிகளில் அழிந்துவருகின்றன. படத்தோடு எடுத்த நாள், நின்ற திசை, மரத்தின் பெயர், குதிரை செய்த வேளாரின் ஊர், பிடிமண் வந்த வழி ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் அடுத்த தலைமுறை முன்னோர் நின்ற இடத்தை அடையாளம் காண்பதோடு, வீழ்ந்த மரத்தை அதே இடத்தில் மீண்டும் நடவும் இயலும்.