பகை நடுவே நட்பு

ஐதராபாத் நகரின் வடமேற்கே உள்ள பாலாநகர், கடைசல் இயந்திரங்களின் ஓசை மிகுந்த தொழிற்பகுதியாகும். அங்குள்ள பட்டறைகளில் தெலுங்கரும், உருது பேசும் முஸ்லிம்களும், பிழைப்பு நாடி வந்த நம்மவரும் அருகருகே நின்று வேலை செய்கின்றனர். மதிய வேளையில் ஒருவர் கொணர்ந்த ஊறுகாய் மற்றவர் சோற்றில் இடம் பெறுகிறது. இவர்களுடைய பாட்டன்மார் 1948-ஆம் ஆண்டில் எப்பக்கம் நின்றனர் என்று கேட்பார் அரியர். கேளாதிருப்பது நற்பண்பே, ஆயினும் நடந்ததை அறிந்திருத்தல், வந்து குடியேறிய நமக்கு நன்மை பயக்கும்.

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது, ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் மக்கள் வாழ்ந்த நிஜாமின் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைய மறுத்தது. காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படை தனியரசை வேண்டிற்று. ஸ்டேட் காங்கிரஸ் இணைப்பை வேண்டிற்று. தெலங்கானா உழவர்களோ 1946 முதலே கம்யூனிஸ்டுகளின் தலைமையில் தேஷ்முக் நிலக்கிழார்களை எதிர்த்துப் போராடி வந்தனர். ஒன்றாகக் கற்ற இளைஞர்களின் குடும்பங்கள் எதிரெதிர் அணிகளில் நிற்கும் நிலை உண்டாயிற்று.

எனினும், பிறந்த சமயத்தைக் கொண்டு ஒருவருடைய பக்கத்தைக் கணித்துவிட இயலவில்லை. ஷோயபுல்லா கான் என்னும் இளைஞர், மந்துமுல நரசிங்கராவ் நடத்திய ‘ரய்யத்’ என்னும் உருது ஏட்டில் பணி புரிந்தவர். அவ்வேடு தடை செய்யப்பட்ட பின், நரசிங்கராவ், பூர்குல ராமகிருஷ்ணராவ் ஆகிய நண்பர்கள் துணை நிற்க, ‘இம்ரோஸ்’ நாளிதழைத் தொடங்கினார். இந்தியாவுடன் இணைவதே நன்றென்று அஞ்சாது எழுதினார். 1948 ஆகஸ்டு 21 இரவு, வீடு திரும்பும் வழியில் தாக்கப்பட்டு மாண்டார். எழுதிய கை வெட்டப்பட்டிருந்தது. அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

செப்டம்பர் 13-ஆம் நாள் இந்தியப் படை நுழைந்தது. 17-ஆம் நாள் நிஜாம் பணிந்தார். போர் ஐந்தே நாளில் ஓய்ந்தது, பகை ஓயவில்லை. ரஜாக்கர்கள் இழைத்த கொடுமைக்கான பழி, அவர்களோடு தொடர்பற்ற எளிய முஸ்லிம்கள் மீதும் விழுந்தது. நேருவின் அரசு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, அந்நாட்களில் 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டனர் என மதிப்பிட்டது. பல்லாண்டுகள் வெளிவராதிருந்த அவ்வறிக்கையில் மற்றொரு செய்தியும் உண்டு. சில இடங்களில் இந்து நெசவாளர்கள், முஸ்லிம் நெசவாளர்களைத் தாக்க வந்த இந்துக்களையே எதிர்த்து நின்று காத்தனர். அம்முயற்சியில் உயிரும் இழந்தனர்.

நேற்றுவரை உடன் தொழில் செய்தவனை இன்று பகைவன் என்று கொள்ள அவர்கள் மனம் ஒப்பவில்லை போலும். நாமும் அயலார் நடுவே வாழ்பவர்கள். அத்தகைய நாள் நம் தெருவிலும் வருமாயின், பக்கத்துப் பட்டறையில் நிற்பவரை நாம் எவ்வாறு நோக்குவோம் என்பதை, அமைதி நிலவும்போதே எண்ணிப் பார்த்தல் நலமன்றோ?