விக் நாய்கள்

அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் வர்ஜீனியா நாய்ச்சண்டைப் பண்ணையிலிருந்து 2007இல் மீட்கப்பட்ட பிட்புல் நாய்கள். சண்டைக்குப் பழக்கிய நாய்களைக் கொன்றுவிடுவதே அதுவரை வழக்கம். விலங்குநல அமைப்புகள் சிலவும் அதையே வலியுறுத்தின. இம்முறை ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதித்தனர்: ஆள் தொட்டால், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தினால், இன்னொரு நாயைக் கண்டால் என்ன செய்கிறது என்று. பல நாய்கள் சீறவே இல்லை. தரையோடு ஒட்டிக் கிடந்து நடுங்கின. மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ் நீதிமன்றத்தால் இந்நாய்களின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். 22 நாய்கள் யூட்டாவின் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின. பராமரிப்புச் செலவாக விக் சுமார் 9,28,000 டாலர் கட்ட நேர்ந்தது; நாய்ச்சண்டை வழக்கில் அவர் பெற்ற தண்டனையில் நாய்களுக்குப் பயன்பட்ட பகுதி இதுதான். லியோ என்ற நாய் பின்னாளில் புற்றுநோயாளிகளுக்கு ஆறுதல் தரும் துணையானது.