எழுதுதலும் தோய்த்தலும்: காளத்திச் சித்திரத்துணியின் தொழிற்சொற்கள்

தைலவண்ண ஓவியம் பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிவதில்லை. ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வண்ணம் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல இறுகுவது. கீழடுக்கு இறுகிய பின்னரே மேலடுக்கு இடப்படும். எனவே ஓவியர் பல நாட்கள், சில வேளைகளில் பல மாதங்கள், ஒரே படத்திற்கு மீண்டும் மீண்டும் திரும்புகிறார். தென்னிந்தியாவில் இம்முறை 19-ஆம் நூற்றாண்டில் அரசவை உருவப்படங்களின் வழியே வேரூன்றி, இரவிவர்மாவின் (1848–1906) படைப்புகளால் பரவலாக அறியப்பட்டது. ஆயினும், ஒரு சித்திரத்தைப் பல அமர்வுகளாகப் பகுத்து, ஓர் அமர்வுக்கும் மற்றொன்றுக்கும் இடைப்பட்ட காலத்தையும் கருவியாகக் கொள்ளும் வழக்கம் இந்நிலத்திற்குப் புதியதன்று. திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள காளத்தியில் பருத்தித் துணிமீது செய்யப்படும் சித்திரவேலை இதற்குத் தக்க சான்று. இன்று ‘கலம்காரி’ என்று அறியப்படும் அவ்வேலையின் சொற்களை ஆராய்வதும், அவை பிறமொழிகளுக்குச் சென்றபோது எவற்றை இழந்தன என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருமொழி நிலம்

காளத்தி அமைந்துள்ள பகுதி நெடுங்காலமாகத் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலமாகும். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதியின் பெரும்பாகம் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சித்தூரே அம்மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்கிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபின் எல்லைச் சிக்கல் எழுந்து, 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022-இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காளத்தி புதிய திருப்பதி மாவட்டத்தின் பகுதியாயிற்று.

ஆட்சி எல்லைகள் மாறியபோதும் பெயர்கள் இரு மொழியிலும் நிலைத்தன. தெலுங்கர் ஸ்ரீகாளஹஸ்தி என்பதைத் தமிழர் திருக்காளத்தி என்பர். ஊரையொட்டி ஓடும் சுவர்ணமுகரி ஆறு தமிழில் பொன்முகலி எனப் பெயர் பெற்றது. இப்பெயரில் ‘சுவர்ணம்’ பொன்னாக மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. ‘முகரி’ முகலியாக ஒலிமட்டும் திரிந்து நின்றுள்ளது எனக் கொள்ளலாம். ஒரு பாதியைப் பொருளாலும் மறு பாதியை ஒலியாலும் ஏற்ற இப்பெயரை மனத்திற் கொள்ளுதல் நன்று. தொழிற்சொற்களை மொழிபெயர்ப்பதற்கும் இது வழிகாட்டக் கூடியது.

பெயரும் பொருளும்

‘கலம்காரி’ என்னும் சொல் பாரசீகத்தின் வழி வந்தது. நாணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அரபியில் எழுதுகோலைக் குறிக்கும் ‘கலம்’ ஆயிற்று. அதனுடன் வேலை என்னும் பொருளுடைய ‘காரி’ சேர்ந்து எழுதுகோல்வேலை என்று பொருள்பட்டது. தமிழ் எழுத்தில் எழுதப்படும்போது இதன் முற்பகுதி பாத்திரத்தையும் மரக்கலத்தையும் உணர்த்தும் தமிழ்ச் சொல்லோடு மயங்குகிறது. ஆகவே தமிழ் வாசகருக்கு இப்பெயரிலிருந்து தொழிலின் இயல்பு புலப்படுவதில்லை.

தெலுங்கில் இதற்கு வழங்கிய பெயர் ‘விராத்தபனி’ என்பது. எழுத்துவேலை என்பது அதன் பொருள். அச்சுக்கட்டையால் துணியில் ஒற்றும் வேலைக்கு ‘அத்தகம்’ என்னும் வேறொரு சொல் உண்டு. காளத்தியில் நடைபெறுவது எழுத்துவேலை. மசூலிப்பட்டினத்தில் சிறப்புற்றது ஒற்றுவேலை. இரண்டையும் தெலுங்குச் சொற்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டின. பாரசீகப் பெயர் வாணிகத்தில் நிலைபெற்றபின் இரண்டும் கலம்காரி எனப்பட்டன. எழுதுகோல் தொடாத துணிக்கும் எழுதுகோலின் பெயர் வழங்கலாயிற்று.

தமிழிலும் எழுதுதல் என்னும் வினை எழுத்துக்கு மட்டும் உரியதன்று. கண்ணுக்கு மை எழுதுதல், தோளில் தொய்யில் எழுதுதல், சுவரில் ஓவியம் எழுதுதல் என அது கோடிடும் செயல்கள் அனைத்திற்கும் பொதுவாக நின்றது. பிற்காலத்தில் ‘தீட்டுதல்’ ஓவியத்திற்கும் ‘எழுதுதல்’ எழுத்துக்கும் எனப் பிரிந்து வழங்கத் தொடங்கின. காளத்தித் துணியைப் பொறுத்தவரை பழைய வழக்கே பொருந்துவது. இராமாயணக் காட்சிகளைக் கட்டங்கட்டமாகக் காட்டும் திரைச்சீலைகளில் உருவங்களின் கோடுகளையும், அவற்றை விளக்கும் தெலுங்கு வரிகளையும் ஒரே கோல் எழுதுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த இத்தகைய காளத்தித் திரைச்சீலை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. தமிழகப் பகுதியில் செய்யப்பட்டுத் தமிழ் விளக்கவரிகள் கொண்ட திரைச்சீலைகளும் உண்டு.

அமர்வுகளின் வரிசை

வேலையின் வரிசை பின்வருமாறு அமைகிறது. முதலில் கஞ்சி நீங்குவதற்காகத் துணி சாணநீரில் ஊறவைக்கப்பட்டு, அலசி, வெயிலில் உலர்த்தப்படுகிறது. அடுத்துக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துப் பிழிந்து உலர்த்துகின்றனர். கடுக்காயின் துவர்ப்பொருள் இழையில் ஏறுகிறது. பாலின் கொழுப்பு பின்னர் எழுதப்படும் நீர்மம் பரவிக் கசியாமல் தடுக்கிறது. எண்ணெயே வண்ணத்தைத் தாங்குவது தைலவண்ண முறை. இங்கோ கொழுப்பு வண்ணத்திற்கு வரம்பு கட்டுகிறது.

புளியங்குச்சிக் கரியால் உருவத்தைக் குறித்தபின் முதல் எழுத்து அமர்வு தொடங்கும். கோல் மூங்கிலால் ஆனது. அதன் நுனிக்குச் சற்று மேலே கம்பளித்துணி சுற்றி நூலால் கட்டப்பட்டிருக்கும். தோய்த்த கோலை விரலால் மெல்ல அழுத்தினால் நீர்மம் நுனிக்கு இறங்கும். இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் பல நாட்கள் புளிக்கவைத்துப் பெறும் ‘கசிமி’ என்னும் நீர்மமே கருமைக்கு உரியது. அது துணியிற் பட்டவுடன் கடுக்காயின் துவர்ப்பொருளோடு கூடிக் கருப்பாகிறது. இக்கோட்டை அழிக்க இயலாது. தைலவண்ண ஓவியர் பிழையான கையை மறுநாள் மற்றோர் அடுக்கால் மறைத்துவிடலாம். காளத்திக் கலைஞருக்கு அவ்வாய்ப்பு இல்லை. நிறம் துணியின்மேல் படியாமல் இழையினுள்ளேயே அமைவதால் பிழையும் அங்கேயே தங்கிவிடுகிறது.

இரண்டாம் எழுத்து அமர்வு படிகாரநீருக்கு உரியது. எவ்விடங்கள் சிவப்பாக வேண்டுமோ அவ்விடங்களில் மட்டும் கோல் படிகாரத்தை எழுதுகிறது. அந்நிலையில் துணியில் சிவப்பு சிறிதும் இல்லை. ஒரு நாளேனும் விட்டுவைத்தபின் துணி ஓடும் நீரில் அலசப்படுகிறது. தேங்கிய நீரில் அலசினால் மிகுதிப் படிகாரம் அடுத்த இடங்களில் படிந்து உருவம் கெடும். ஆற்றோட்டமே அதனை அப்புறப்படுத்தும். பொன்முகலியின் கரை இத்தொழிலுக்கு இடமானதற்கு இது முதன்மையான காரணமாகும். பின்னர்ச் சாயவேர் முதலியவை இட்ட கொப்பரையில் துணியைக் காய்ச்சுகின்றனர். படிகாரம் எழுதிய இடங்களில் சிவப்பு ஊன்றுகிறது. பிற இடங்களில் வெளிர்நிறமே ஏறி, சாணநீராலும் வெயிலாலும் நாளடைவில் நீங்குகிறது.

மீண்டும் பாலில் தோய்த்தல், உலர்த்தல், மஞ்சள் எழுதுதல், அலசுதல், அவுரியின் நீலம் எழுதுதல், இறுதி அலசல் என வேலை தொடரும். மஞ்சள்மேல் நீலம் எழுதப்பட்ட இடங்கள் பச்சையாகின்றன. பழங்காலத்தில் சோழமண்டலக் கரையில் நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடித் துணியை அவுரித் தொட்டியில் தோய்க்கும் முறையும் இருந்தது. மழை பெய்தால் வெளுப்பு நின்றுவிடும். ஆறு வற்றினால் அலசல் நின்றுவிடும். இங்கு அமர்வின் இடைவெளியை வெயிலும் நீரும் தீர்மானிக்கின்றன.

பிரெஞ்சுக் குறிப்புகள்

இவ்வரிசையை ஐரோப்பியர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தனர். 1734-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொலியே என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் இவ்வேலையைக் கவனித்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு இணைத்தார். சொல்லால் உணர்த்த முடியாததைப் பொருளால் உணர்த்திய அரிய ஆவணம் அது.

1742-இல் இயேசு சபைத் துறவியான கேர்து (1691–1779) எழுதிய கடிதம் மேலும் விரிவானது. துணிச்சித்திரம் எழுதுவோரிடமே கேட்டறிந்து அவர் அதனை எழுதினார். 1686 முதல் 1759 வரை பிரான்சில் இத்தகைய துணிகளுக்குத் தடை இருந்தது. அத்தடைக் காலத்திலேயே, 1743-இல், அவரது கடிதம் அங்கு அச்சாயிற்று. வாங்கத் தடையுள்ள பொருளைத் தாமே செய்து பார்க்கும் விருப்பம் அந்நாட்டில் மிக்கிருந்தது. இதே கேர்துதான் 1767-இல் சமஸ்கிருதத்திற்கும் இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றிற்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டிப் பாரீசுக்கு எழுதியவர். வில்லியம் ஜோன்சின் புகழ்பெற்ற 1786-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுக்கு 19 ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்ட அக்குறிப்பு 1808-இல்தான் அச்சேறியது. ஒப்பியல் மொழிநூலின் முன்னோடி ஒருவர் சாயத்தொழிலின் சொற்களையும் கேட்டு எழுதினார் என்பது மொழியியலார் நினைவிற் கொள்ளத்தக்கது.

கடுக்காய், சாயவேர் ஆகியவற்றின் பெயர்களைக் கேர்து தமிழ் ஒலிப்படியே பிரெஞ்சு எழுத்தில் தந்தார். அவற்றிற்கு நேரான பொருள் பிரான்சில் இன்மையால் பெயரைக் காத்தலே முறை என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆங்கிலத்திலும் சாயவேரின் முற்பகுதி ‘சாய்’ எனத் தமிழொலியோடு சென்று அவ்வேரின் பெயராக நிலைத்தது. இவ்வாறு பெயர்ச்சொற்கள் பிழைத்தன, வினைச்சொற்கள் பிழைக்கவில்லை. அத்துணிக்குப் பிரெஞ்சு மொழி தந்த பெயர் ‘தீட்டிய துணி’ என்பதே. போர்த்துகீசியச் சொல்லும் அவ்வாறே பொருள்படும். எழுதுதல், தோய்த்தல், காய்ச்சுதல், அலசுதல், வெளுத்தல் என ஐந்து வினைகளால் ஆன வேலை ஒரே வினையுள் அடங்கிவிட்டது.

மொழிபெயர்ப்பின் விளைவு

இவ்விழப்பு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. படிகார அமர்வை ‘சிவப்புத் தீட்டினர்’ என்று ஒருவர் மொழிபெயர்த்தால், அதனைப் படித்து எவரும் அத்துணியைச் செய்ய இயலாது. கோல் சிவப்பை இடுவதில்லை. சிவப்பு வந்து தங்குவதற்குரிய இடத்தை மட்டும் குறிக்கிறது. இவ்வினைப்பொருளுக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் கடித்தல் என்னும் கருத்துடைய சொல்லை ஆள்கின்றன. ‘நிறமூன்றி’ என்னும் தமிழ்க் கலைச்சொல் நிறத்தை ஊன்றச் செய்வது என்று நேராகவே உணர்த்துகிறது. ‘சாயம் பிடித்தல்’ என்னும் பேச்சுவழக்கும் அதே உண்மையை மற்றொரு வகையில் காட்டுகிறது. தொழிலின் அறிவியல் வழக்குச்சொல்லிலேயே பொதிந்திருப்பதற்கு இது சான்றாகும்.

வினையை இழந்த பெயர் வாணிகத்திலும் தீங்கு விளைக்கிறது. 1868-இல் ஜெர்மானிய வேதியியலார் ஆலிசரினைச் செயற்கையாக ஆக்கியபின் வேர்ச்சாயங்களின் சந்தை சரிந்தது. காளத்தியிலும் பின்னர் ஆலிசரின் இடம்பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொழில் நலிந்து, 1950-களின் இறுதியில் கமலாதேவி சட்டோபாத்யாய தலைமையிலான அகில இந்தியக் கைவினை வாரியத்தின் முயற்சியால் காளத்தியில் பயிற்சி நிலையம் தோன்றியது. அங்குப் பயின்ற ஜொன்னலகட்டா குரப்பா செட்டி 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காளத்தி வேலையும் மசூலிப்பட்டின வேலையும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றுள்ளன. தமிழகத்தின் கருப்பூர் வேலை 2021-இல் அதனைப் பெற்றது. எனினும் ஆலையில் திரை அச்சிட்ட துணிகளும் கடைகளில் கலம்காரி என்றே விற்கப்படுகின்றன. பல அமர்வுகளில் பல நாட்கள் உழைத்து எழுதிய துணிக்கும், ஒரு நாளில் ஆயிரக்கணக்கான மீட்டர் அச்சிடும் பொறியின் துணிக்கும் பெயர் ஒன்றேயானால், விலையின் வேறுபாட்டை வாங்குவோருக்கு விளக்கச் சொல் இல்லாமற் போகிறது.

முடிவு

தஞ்சை வட்டாரத்துச் சித்திரத்துணி வேலையில் விதானத்துணிக்கு ‘அஸ்மானகிரி’ என்னும் பெயர் வழங்குகிறது. வானத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லை அது தன்னுள் கொண்டுள்ளது. தேர்களில் தொங்கும் உருளை வடிவத் துணியோ ‘தொம்பை’ எனப்படுகிறது. இத்தகைய பெயர்கள் எம்மொழியிலிருந்து வந்தவையாயினும் அவற்றை மாற்றவேண்டுவதில்லை. பெயர்கள் எளிதிற் பயணம் செய்வன. மொழிபெயர்ப்பாளர் தனிக் கவனம் செலுத்தவேண்டியது வினைகளின்மீதே. ஒவ்வோர் அமர்வுக்கும் உரிய வினையைத் தனித்தனியே தந்து, அவற்றின் வரிசையையும் மாற்றாது காத்தால், படிப்போர் அத்தொழிலைத் தெரிந்துகொள்வர். பொருட்பெயரை ஒலியால் ஏற்று, செயலைப் பொருளால் பெயர்க்கும் இம்முறை, பொன்முகலி என்னும் ஆற்றுப்பெயரில் இருமொழி மக்கள் முன்னரே கையாண்ட முறையாகும். அகராதித் தொகுப்பாளர்கள் காளத்தி, கருப்பூர்க் கலைஞர்களிடமிருந்து பொருட்பெயர்களோடு வினைகளையும் அவற்றின் வரிசையோடு திரட்டுவது காலத்தாற் செய்யவேண்டிய பணியாகும்.